கில் -9 அடித்த பிறகு ஆர்எம்மாட் போட்டால் கெர்னல் ஊப்ஸ், உதவுங்கள்

நூல்கண்டு: என் லினக்ஸ் கெர்னல் மாட்யூலில் (ஓடும் கெர்னலில் ஏற்றி இறக்கும் நிரல்துண்டு) ஒரு கேதிரெட் (கெர்னலுக்குள் ஓடும் திரெட்) ஓடுகிறது. மாட்யூலை இறக்க ஆர்எம்மாட் போட்டால் அப்படியே தொங்குகிறது, கட்டாயமாக முடிக்கும் சிக்னலான கில் -9க்கும் திரெட் அசையவில்லை. திரெட் சிக்னலை ஏற்க அலோ_சிக்னல் சேர்த்தேன். இப்போது கில்லுக்குத் திரெட் முடிகிறது, ஆனால் அடுத்து ஆர்எம்மாட் போட்டதும் ஊப்ஸ் (கெர்னல் பிழை முறிவு). அவசரம்.

கருவிமணி: எந்தக் கெர்னல்? திரெட் எங்கே தூங்குகிறது? லூப்பையாவது போடுங்கள்.

நிரலோடி: வெயிட்_ஈவென்ட் (ஒரு கண்டிஷன் நிறைவேறும்வரை தூங்குவது) போட்டிருப்பீர்கள், அதன் கண்டிஷனில் கேதிரெட்_ஷுட்_ஸ்டாப் (நிற்கச் சொல்லியாயிற்றா என்ற சோதனை) இருக்காது, நிச்சயம். திரெட்டை நிற்கச் சொல்லி அது முடியும்வரை காத்திருக்கும் கேதிரெட்_ஸ்டாப் வந்து எழுப்பும், வெயிட்_ஈவென்ட் தன் கண்டிஷனை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

நூல்கண்டு: கெர்னல் 6.1. வெயிட்_ஈவென்ட் இல்லை, டிசிபி இணைப்பில் தரவுக்காகக் காத்திருக்கும் கெர்னல்_ரெசிவ்மெசேஜ்.

மூத்தவன்: இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி? கெர்னல் திரெட் பிறக்கும்போதே எல்லா சிக்னலையும் புறக்கணித்துவிடும், அடிப்படைப் பாடம். ஒர்க்கியூவுக்கு (வேலைகளை வரிசையில் போட்டுக் கெர்னல் திரெட்களிடம் ஓடவிடுவது) மாறுங்கள், வேலையை ரத்து செய்யும் கேன்சல்_ஒர்க்_சிங்க் பார்த்துக்கொள்ளும்.

கருவிமணி: பார்த்துக்கொள்ளாது. ஓடும் வேலை முடியும்வரை அதுவும் காத்திருக்கும். ரெசிவில் மாட்டியிருந்தால் அங்கேயும் இதே தொங்கல்.

மூத்தவன்: ஒர்க்கியூவில் பிளாக்கிங் ரெசிவ் (தரவு வரும்வரை நிற்பது) போடச் சொன்னது யார்? தரவு வந்ததும் அழைக்கப்படும் டேட்டா_ரெடி கால்பேக்கிலிருந்து வேலையைக் கியூவில் தள்ள வேண்டும்.

நிரலோடி: அவர் கேட்டது மறுவடிவமைப்பு இல்லையே. என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) சர்வர் திரெட்களே நெடுநாள் சிக்னல் வாங்கித்தான் நின்றன.

மூத்தவன்: அதையும் 2023-ல் எடுத்துவிட்டார்கள்.

கருவிமணி: சரி, கேள்விக்கு வருவோம். கில்லில் திரெட் தானாக ரிட்டர்ன் ஆனதும் அதன் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் (திரெட்டின் விவரங்களைக் கெர்னல் வைத்திருக்கும் இடம்) விடுவிக்கப்படுகிறது. உங்களிடம் இருப்பது அந்த விடுவித்த இடத்தைக் காட்டும் செத்த பாயின்டர். அதைக் கேதிரெட்_ஸ்டாப்பிடம் கொடுத்தால் ஊப்ஸ்தான். எதிர்முனை இணைப்பை மூடி ரெசிவ் 0 தந்தாலும் இதே கதி, அதனால் சிக்னலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அலோ_சிக்னலை எடுத்துவிடுங்கள். மாட்யூலின் எக்ஸிட் ஃபங்ஷனில் முதலில் இணைப்பை மூடும் கெர்னல்_சாக்_ஷட்டவுன், ரெசிவ் 0 தந்து வெளியே வரும். அப்புறம் கேதிரெட்_ஸ்டாப், கடைசியில்தான் சாக்கெட்டை விடுவிக்கும் சாக்_ரிலீஸ். லூப்பை விட்டு வந்த திரெட் கேதிரெட்_ஷுட்_ஸ்டாப் உண்மையாகும்வரை தூங்கிக் காத்திருக்கட்டும். சிக்னல் வேண்டும் என்றே இருந்தால் அங்கே நிலுவைச் சிக்னல்களைத் துடைக்கும் ஃபிளஷ்_சிக்னல்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் இன்டரப்டிபிள் (சிக்னலால் கலையக்கூடிய) தூக்கம் உடனே கலைந்து சிபியு 100% போகும்.

நிரலோடி: இல்லையென்றால் டாஸ்க்_ஸ்ட்ரக்டை விடுபடாமல் பிடித்துவைக்கும் கெட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட் எடுத்து வைக்கலாம், ஸ்டாப்புக்குப் பிறகு பிடியை விடும் புட். ஆனால் உருவாக்கி உடனே ஓடவிடும் கேதிரெட்_ரன் வேண்டாம். கேதிரெட்_கிரியேட், கெட், அப்புறம் வேக்_அப்_பிராசஸ். ரன் போட்டால் நீங்கள் பிடிப்பதற்குள் திரெட் முடிந்துபோகலாம்.

நூல்கண்டு: ஷட்டவுன் போட்டேன், ஆர்எம்மாட் முடிகிறது. நன்றி.

கருவிமணி: எதிர்முனையை முதலில் மூடிவிட்டு ஆர்எம்மாட் போட்டுப் பார்த்தீர்களா? லூப்புக்குப் பிறகு காத்திருப்பைச் சேர்த்தீர்களா?

மூத்தவன்: கால்பேக் வழிதான் சரி, இப்போதும் சொல்கிறேன்.