பணம் அனுப்பும் ஏபிஐ: டைம்அவுட் ஆனால் மறுபடி அனுப்பலாமா?

புதுநிரலர்:
எங்கள் தளத்தில் விற்பனை செய்பவர்களுக்குச் சேரவேண்டிய தொகையை ஒரு கட்டண நிறுவனத்தின் ஏபிஐ (எங்கள் நிரல் அவர்கள் கணினியுடன் பேசும் வழி) மூலம் அனுப்புகிறோம். சில சமயம் கோரிக்கை போய்விடுகிறது. பதில் வருவதற்குள் நேரம் கடந்து (டைம்அவுட்) இணைப்பு அறுந்துவிடுகிறது. மறுபடி அனுப்பினால் ஒருவருக்கே இரண்டு முறை பணம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பாமல் விட்டால் அவர் சும்மா இருப்பாரா? நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பின்தளப்பித்தன்:
முதலில் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் டேபிளில் 'வெற்றி', 'தோல்வி' தவிர 'தெரியவில்லை' என்று ஒரு நிலை இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள். டைம்அவுட்டைத் தோல்வி என்று பதிவுசெய்கிற நிரலைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

மறுபடி அனுப்பலாம், அதே ஐடெம்பொட்டென்சி கீயுடன் (ஒரே கோரிக்கை இரண்டு முறை நிறைவேறாமல் தடுக்க அதனுடன் அனுப்பும் அடையாளக் குறி) மட்டும். அந்த வசதியுள்ள ஏபிஐ, ஒரு கீயுடன் வந்த முதல் கோரிக்கையின் விளைவைச் சேமித்துவைக்கும். அதே கீ மீண்டும் வந்தால் பணத்தை அனுப்பாமல் பழைய பதிலையே திருப்பித் தரும். பலர் கீயை மறுமுயற்சி லூப்புக்குள் உருவாக்குகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் புதுக் கீ. கீ இருந்தும் பயனில்லை. கொடுப்பனவுக்கான வரிசையை டேட்டாபேஸில் எழுதும்போதே ஒரு யூயூஐடியை (மீண்டும் வராத தனித்த அடையாள எண்) கீயாக உருவாக்கி, அதே வரிசையில் சேமியுங்கள். அது டேட்டாபேஸில் உறுதியாகப் பதிவான (கமிட்) பிறகுதான் ஏபிஐயை அழைக்க வேண்டும். நடுவில் சர்வர் விழுந்து எழுந்தாலும் கீ பத்திரமாக இருக்கும்.

கீக்கு ஆயுள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஸ்ட்ரைப் என்ற கட்டண நிறுவனத்தின் பழைய வி1 ஏபிஐயில் 24 மணி நேரம் கடந்த கீகள் நீக்கப்படலாம். அதன்பின் அதே கீயுடன் அனுப்பினால் அது புதிய கோரிக்கைதான்.

வரவுசெலவு:
மேலே சொன்னதோடு வெப்ஹுக்கையும் (கட்டண நிறுவனம் உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் அறிவிப்பு) கவனியுங்கள். ஒரே நிகழ்வு இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். நிகழ்வின் ஐடியைச் சேமித்து, ஏற்கெனவே வந்ததென்றால் ஒதுக்கிவிடுங்கள். அறிவிப்பு அவர்களிடமிருந்துதான் வந்தது என்பதைக் காட்டும் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது வந்த பைட்டுகளை அப்படியே பயன்படுத்துங்கள். ஜேசன் என்ற தரவு வடிவமாகப் பிரித்து மறுபடி கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது.

புதுநிரலர்:
நன்றி. டைம்அவுட்டுக்குப் பதிலாக 500 (அவர்கள் சர்வரில் பிழை என்ற பதில்) வந்தால்? அப்போதாவது புதுக் கீ போடலாம் அல்லவா?

பின்தளப்பித்தன்:
அவசரப்படாதீர்கள். 500 வந்தாலும் அந்தப் பக்கம் பணம் நகர்ந்திருக்கலாம். நான் சொன்ன வி1 ஏபிஐயில் அந்த 500-உம் சேமிக்கப்படும். அதே கீயுடன் எத்தனை முறை கேட்டாலும் அதே 500தான் வரும். உங்கள் குறிப்பு எண்ணை வைத்து அந்தக் கொடுப்பனவின் நிலையைக் கேளுங்கள். நடக்கவில்லை என்று அவர்கள் உறுதியாகச் சொன்ன பிறகே புதுக் கீ. அதுவரை 'தெரியவில்லை' நிலையிலேயே கிடக்கட்டும். விற்பவரிடம் 'சரிபார்க்கிறோம்' என்று சொல்லிவிடுங்கள்.