தாது வருஷத்தில் பிறந்து பர்மா நடையில் இறந்த கொள்ளுத்தாத்தா: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே வரிதான்: "தாது வருஷம் பிறந்தார், பர்மாவிலிருந்து நடந்து வரும்போது போய்விட்டார்."

தாது என்றால் 1876-77, பெரும் பஞ்ச காலம். நிவாரண வேலையில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான் என்று 1877இல் கூலியைக் குறைத்தார் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அந்தக் கூலியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி எப்படிப் பிழைத்தாளோ!

இறப்புதான் பெரிய குழப்பம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியரின் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். சிலர் அரக்கான் மலை தாண்டி சிட்டகாங் பக்கம், சிலர் பர்மா எல்லை ஊரான தமு வழியாக இம்பால், திமாப்பூர். வழியெல்லாம் காலரா. அறுபத்தைந்து வயதில் இவர் எந்த வழியில் போனாரோ, தெரியவில்லை. "மணிப்பூர்" என்று பாட்டி சொன்னதாக அத்தை சொல்கிறார். அத்தைக்கும் இப்போது ஞாபகம் தடுமாறுகிறது.

அந்த வழி முகாம்களில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடு எங்காவது இருக்கிறதா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடியவர்கள் இருந்தால், எந்தத் துறைக் கோப்புகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது நடந்து வந்திருந்தால், அவர்கள் சொன்ன ஊர்ப் பெயர்களையாவது எழுதுங்கள்.