சர்க்கரை உள்ள அம்மா, பிள்ளையின் எலும்பு: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு ஏழாம் மாதத்தில்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 168. இன்சுலின் போடச் சொன்னார்கள். ஊசிக்குப் பயந்து பதினைந்து நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பதினைந்து நாள் இன்னும் உறுத்துகிறது.

சர்க்கரையால் வயிற்றிலேயே பெருத்துவிட்ட பையன் 4.2 கிலோ. தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு சிஸ்டர்கள் என் முட்டிகளை வயிற்றோடு அழுத்திப் பிடித்த பிறகுதான் வந்தான். மறுநாள் குளிப்பாட்டிய மாமியார்தான், "இடது கையை மட்டும் அசைக்கவே இல்லையேம்மா" என்றார். எக்ஸ்ரேயில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பு முறிந்திருந்தது. நான் அழுத அழுகை! கட்டுகூடப் போடவில்லை. சட்டையின் கைப்பகுதியை மார்போடு ஊக்கு குத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். பத்து நாளில் அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு புடைப்பு. புது எலும்பு கூடுகிறது என்றார் டாக்டர்.

*

அக்கா, நான் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸ். காறை எலும்பு தானாகக் கூடிவிடும். நாங்கள் இன்னும் கவனமாகப் பார்ப்பது முதல் மூன்று நாளில் வரும் நடுக்கத்தை. கையை மெல்லப் பிடித்துப் பார்ப்போம். பிடித்ததும் நின்றால் வெறும் நடுக்கம், பிடித்த பிறகும் வெட்டி இழுத்தால் வலிப்பாக இருக்கலாம். முதலில் பிள்ளையின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கால்சியம் குறைவு.

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் சிறுநீரில் மெக்னீசியம் நிறையப் போய்விடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் குறையும். மெக்னீசியம் குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிவிடும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்வதே அந்தச் சுரப்பிதான். தொப்புள்கொடி வழியாக வந்த வரத்தும் பிறந்ததும் நின்றுவிடுகிறது. இந்தப் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருந்தாலும் எலும்பில் தாதுச்சத்து கொஞ்சம் குறைவாகவே இருப்பதுண்டு. எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நரம்பில் கால்சியம் ஏற்றும்போது நகரவே மாட்டேன். வேகமாகப் போனால் இதயத் துடிப்பு குறையும், வெளியே கசிந்தால் தோல் வெந்துவிடும்.

*

சிஸ்டர் சொன்ன மெக்னீசியம் குறைவு எங்கள் பெண்ணுக்கு நடந்தது. இரண்டு தடவை கால்சியம் ஏற்றியும் தாடை நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் மெக்னீசியம் பார்த்து, குறைவென்று அதைக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. என் மனைவி அதுவரை கண்ணே மூடவில்லை. இப்போது தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுக்கிறோம். பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே அளவுதானாம்.

*

சிஸ்டர், முதலில் எழுதிய அம்மாதான் நான். படித்ததும் கை நடுங்குகிறது. இரண்டாம் நாள் ராத்திரி என் பையனுக்கும் அப்படி நடுங்கியது. குளிர் என்று நினைத்து இன்னொரு துணியைச் சுற்றிவிட்டேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துத்தான் ரத்தம் எடுக்கச் சொன்னார். கால்சியம் குறைவாகவே இருந்தது.