"எனக்காக" என்ற சொல்

மழைத்துளி:
பைபிளில் கலாத்தியர் 2:20-இல் பவுல், சிலுவையில் இறந்த இயேசுவைப் பற்றி "எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த" என்கிறார். நமக்காக இல்லை, எனக்காக. சின்ன வயதிலேயே மனப்பாடமான வசனம்தான். ஆனால் அது எனக்குள் இறங்கியது ஒரு மோதிரத்தால். பதினேழு வயதில் அம்மாவின் மோதிரத்தைத் திருட்டுத்தனமாக விற்றுவிட்டேன். அப்பா சத்தம் போட்டபோது அம்மா என் பக்கம் திரும்பாமலே "நான்தான் தொலைச்சுட்டேன்" என்றாள். ராத்திரி முழுக்கத் திட்டு வாங்கினாள். வெறும் விரலைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரல்தான் எனக்குத் தெரிகிறது.

கேள்வியன்:
அக்கா, உங்கள் அம்மா பெரிய மனுஷி. ஆனால் நம் தண்டனையை இயேசு ஏற்றார் என்பது நியாயமில்லை என்கிற என் கட்சிக்குத்தான் நீங்கள் சொன்னது பலம். அவர் மன்னித்தார், அவ்வளவுதான். வேறு யாரையாவது அடித்தால்தான் மன்னிப்பேன் என்று சொல்லவில்லையே! ஒருவன் குற்றத்துக்கு இன்னொருவன் தண்டனை அனுபவிப்பது எந்த ஊர் நியாயம்? குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறதே.

பழைய ஏடு:
நமக்குரிய தண்டனையை இயேசு ஏற்றார் என்ற தண்டனை மாற்று ஒன்றுதான் சிலுவைக்குத் திருச்சபையின் விளக்கம் என்று நினைக்க வேண்டாம். ஆதி நூற்றாண்டுகளில் பலர் சாவை வென்ற வெற்றியாகவே சிலுவையைப் பேசினார்கள். 1098 வாக்கில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர், கடவுளின் கனத்துக்குச் செலுத்த வேண்டிய ஈடு என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார் என்ற இறையியலாளர், நம் மனதை இளக்கும் அன்பு என்றார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது 1941. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒருவர் தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சிசெக் கயோவ்னிச்செக் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்ற துறவி முன்னே வந்து, அவர் இடத்துக்கு என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கோல்பே ஆகஸ்ட் 14-இல் இறந்தார். கயோவ்னிச்செக் 1995 வரை வாழ்ந்தார்.

கேள்வியன்:
கோல்பேயைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஐயா, அங்கே பத்து உயிர் கேட்டவன் முகாம் அதிகாரி. சிலுவைக் கதையில் உயிர் கேட்டது யார்? கடவுள்தானே? அந்த அதிகாரியின் இடத்தில் அவரை நிறுத்திவிட்டு எப்படி நேசிப்பது?

மழைத்துளி:
தம்பி, இந்தக் கேள்வியை நானும் பல வருஷம் சுமந்தேன். அப்படிக் கேட்கும் கடவுளை என்னாலும் நேசிக்க முடியாது. ஆனால் தேவனே கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:19. அவர் அதிகாரியின் இடத்தில் இல்லை, வரிசையிலிருந்து முன்னே வந்தவரே அவர்தான். அம்மா "மன்னித்தேன்" என்று சொல்லியிருந்தாலும் மோதிரம் போனது போனதுதான். அந்த இழப்பை யாரோ ஒருவர் தாங்கத்தான் வேண்டியிருந்தது. அவள் தாங்கினாள்.

கேள்வியன்:
தாங்கினார் என்பது புரிகிறது. தாங்கச் சாகத்தான் வேண்டுமா என்பது இன்னும் புரியவில்லை. அது இருக்கட்டும். அப்பாவிடம் உண்மையைச் சொன்னீர்களா?

மழைத்துளி:
சொன்னேன், ஆறு வருஷம் கழித்து. அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.