வேற்றுக்கிரகப் புழுவுக்கு மனித உடம்பு எப்படிப் பிடிபடும்?

மார்கழி:
ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்கல்லோடு வந்து விழும் புழு, காது வழியாக மூளைக்குள் போய் ஆளையே ஆட்டிவைக்கிறது. கால்நடை மருத்துவரான தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். "நாய்க்குடல் புழுவே மனுஷனுக்குள்ள ஒழுங்கா வளராது, இது எந்தக் கிரகத்துப் புழு?" என்று கேட்டுவிட்டாள். அமெரிக்க எழுத்தாளர் ஹெயின்லைன் 1951-இல் வந்த நாவலில் சனிக்கோளின் நிலவான டைட்டனிலிருந்து அட்டை மாதிரிப் பிராணிகளை வரவழைத்து அமெரிக்கர்களின் முதுகில் ஏற்றினார். அவரை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? இதை நம்பும்படி எழுத வழி உண்டா?

புழுவாத்தியார்:
தோழி சொல்வது சரிதான். நாய்க்குடலில் சுகமாக வளரும் டாக்சோகாரா என்ற புழு, மனித உடம்பில் முதிர்ச்சியே அடையாது. வழி தெரியாத இளம்புழுவாகக் கல்லீரல், நுரையீரல், கண் என்று அலையும். பூமிக்குள்ளேயே இந்த நிலைமை.

விலங்கியல் நடத்துகிறவன் என்பதால் எனக்கு வேறொரு குறை. எல்லா எழுத்தாளர்களும் ஏன் மூளைக்கே ஓடுகிறீர்கள்? ஓஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட எறும்பு கூட்டைவிட்டு வெளியேறி, செடியில் ஏறி, இலையின் அடிநரம்பைக் கவ்வியபடி சாகும். அப்புறம் அதன் தலைக்குப் பின்னாலிருந்து பூஞ்சை முளைக்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த எறும்புகளைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பூஞ்சை தசைநார்களைச் சுற்றி வலை பின்னியிருந்தது. தலைக்குள்ளும் இருந்தது, ஆனால் மூளைக்குள் இல்லை! வேதிப்பொருள்களைச் சுரந்து தூரத்திலிருந்தே மூளையைக் குழப்புகிறது என்று ஒரு கருத்து உண்டு, அது தனிக்கதை.

இதை உங்கள் புழுவுக்குக் கொடுங்கள். ஆளின் மூளை முழுசாக, விழிப்போடு இருக்கிறது. தன் கை தன் பேச்சைக் கேட்காமல் கதவைத் திறப்பதை அவனே பார்த்துக்கொண்டிருக்கிறான். நினைவு, மொழி, வங்கிக் கடவுச்சொல் எதையும் புழு படிக்க வேண்டியதில்லை. தசை சுருங்கும் விதத்தைக் கற்றுக்கொண்டால் போதும். அதுவும் கஷ்டம்தான், ஆனால் வாசகன் ஒத்துக்கொள்வான்.

இரவுவாசகன்:
வாத்தியாரே, இவ்வளவு சுற்றுவது எதற்கு? 1979-இல் வந்த ஏலியன் படத்துப் பிராணி யாரையும் ஆட்டிவைக்கவில்லை. உள்ளே வளர்ந்தது, நெஞ்சைப் பிளந்து வந்தது. அதற்குத் தேவை சூடும் இடமும்தானே?

புழுவாத்தியார்:
அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, தம்பி. கம்பளிப்புழுவுக்குள் முட்டையிடும் சில குளவிகள் முட்டையோடு வைரஸ் துகள்களையும் சேர்த்துச் செலுத்துகின்றன. இல்லாவிட்டால் புழுவின் எதிர்ப்பணுக்கள் முட்டையைச் சூழ்ந்து கொன்றுவிடும். அந்த ஏற்பாடு உருவாகப் பல கோடி ஆண்டுகள் பிடித்தன. கப்பலில் ஏறிய கொஞ்ச நேரத்தில் எப்படி வரும்? ஆனால் படம் பார்க்கும்போது எனக்கே இது தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

மார்கழி:
அப்படியானால் புழு பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்கு வந்துவிட்டதாக வைத்தால்?

புழுவாத்தியார்:
வைக்கலாம், ஆனால் அப்புறம் அது படையெடுப்பு ஆகாது, நாடாப்புழு மாதிரி இன்னொரு உள்ளூர்ப் புழுவாகிவிடும். அதற்குப் பதில், முதலில் வந்த சில ஆயிரம் புழுக்கள் மனிதர்களுக்குள் புகுந்து தோற்றுச் செத்தன என்று எழுதுங்கள். காய்ச்சல், வலிப்பு, மருத்துவர்களுக்குப் பிடிபடாத மரணங்கள். எதிரி முட்டி மோதிக் கற்றுக்கொள்வது தெரிந்தால் மிச்சத்தை நம்புவார்கள்.

மார்கழி:
தசை வழி பிடித்திருக்கிறது சார். ஆனால் பிடிபட்டவன் மனைவியிடம் சாதாரணமாகப் பேச வேண்டுமே, அந்த அத்தியாயம் போய்விடுமா?

புழுவாத்தியார்:
போகட்டும். பேச்சுக்கு மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு எல்லாம் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும், கதவு திறப்பது மாதிரி இல்லை. பிடிபட்டவர்கள் பேசுவதே இல்லை என்று வையுங்கள். ஹெயின்லைன் நாவலில் அட்டையைக் கண்டுபிடிக்க எல்லோரையும் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். உங்கள் ஊரில் போலீஸ்காரர் "பேர் என்ன?" என்று கேட்டாலே போதும். தொண்டை கட்டியவர்களின் பாடுதான் திண்டாட்டம்.