கரண்ட் போனால் லேப்டாப் வேகமாகிறது, ஏன்?

கணக்குப்பிள்ளை:

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே நடக்கிறது.

வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய லேப்டாப்களைக் கழித்தபோது ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஆபீஸ்களில் கொடுப்பார்களே, கறுப்பாக, கனமாக, அந்த ரகம். ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. இரண்டு வருடம் ஒரு குறை சொல்ல முடியாது. போன மாதத்திலிருந்து எக்ஸெல்லில் ஒரு எண்ணை அடித்தால் அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம்.

வைரஸ் ஸ்கேன் போட்டேன், ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். ஒரு சாஃப்ட்வேரும் ஏற்றாத வெறும் விண்டோஸே தவழ்ந்தது. என் மச்சினன் ராம் பத்தாது என்கிறான். அவனுக்கு எந்த நோய்க்கும் அதுதான் மருந்து.

நேற்று இரவு வேலைக்கு நடுவே கரண்ட் போயிற்று. அடுத்த நொடியே லேப்டாப் பறக்க ஆரம்பித்தது! 12,000 வரி உள்ள ஷீட்டைக் கண் இமைப்பதற்குள் ஃபில்டர் செய்தது. அரை மணி கழித்துக் கரண்ட் வந்ததும் மறுபடி ஆமை. சார்ஜரைப் பிடுங்கினால் குதிரை, சொருகினால் ஆமை. அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். பேட்டரி 41 சதவீதத்திலேயே நிற்கிறது, ஏறவே இல்லை. எப்போதும் சொருகியே வைத்திருப்பதால் எத்தனை நாளாக இப்படி என்று தெரியவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

திருப்புளி:

மதர்போர்டுக்கு இப்போதே பால் ஊற்ற வேண்டாம். சார்ஜரைச் சொருகிய நிலையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவின் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றால், ஆள் அகப்பட்டான்: சார்ஜர்.

உங்களுடையது உருண்டை முனை சார்ஜர் என்றால் அதன் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். பல பிசினஸ் மாடல்களில் மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. 'நான் 65 வாட் சார்ஜர்' என்று லேப்டாப்பிடம் சொல்வதுதான் அதன் வேலை. அந்தத் தகவல் வராவிட்டால் சார்ஜர் எவ்வளவு சுமை தாங்கும் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. பிராசசரை அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிட்டு, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். பேட்டரியில் ஓடும்போது இந்தச் சந்தேகமே எழாது, அதனால்தான் குதிரை.

ஆன் செய்யும்போது ஏதாவது எச்சரிக்கை வருகிறதா? ஒரிஜினல் சார்ஜர்தானா?

பழையபெட்டி:

எனக்கும் இதே கதை. பிராசசரை மெதுவாக்கும் அந்த சிக்னலை அணைத்துவைக்க இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒரு டிக்கை எடுத்துவிட்டேன், ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை.

திருப்புளி:

பழையபெட்டி சார், உங்கள் பேட்டரி இன்னமும் சார்ஜ் ஏறாதே? அதை அந்த டிக் சரிசெய்யாது. போர்டில் வேறு பாகங்கள் சூடானாலும் பிராசசரை அடக்குவதற்கு அதே சிக்னல்தான் வரும். அதை அணைப்பது, புகை அலாரம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றுகிற மாதிரி. கோளாறு எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் அணைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

வெட்கத்தோடு எழுதுகிறேன். வேகம் 0.79. எச்சரிக்கையும் வருகிறது: 'அடாப்டரின் வகையைக் கண்டறிய முடியவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும்.' மூன்று வாரமாகத் தினமும் காலையில் எஃப்1 அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்! என்னவோ கேட்கிறது என்று ஒரு நாளும் படித்துப் பார்க்கவில்லை.

சார்ஜர் ஒரிஜினல்தான், பின்னும் நேராக இருக்கிறது. ஆனால் முனைக்குப் பக்கத்தில் வயர் நெளிந்திருக்கிறது. வேலை முடிந்ததும் வயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டிவைப்பது என் பழக்கம். பழைய அலுவலகத்து நண்பரிடம் அதே மாடல் சார்ஜர் இருக்கிறது, நாளை வாங்கிப் பார்க்கிறேன். இடது பக்கம் ஒரு டைப்-சி போர்ட்டும் இருக்கிறது. அதில் போன் சார்ஜரைச் சொருகலாமா?

நிலாமொழி:

டைப்-சி போர்ட் எல்லாமே சார்ஜ் வாங்காது. உங்கள் மாடலின் விவரக் குறிப்பில் அந்தப் போர்ட்டுக்கு 'பவர் டெலிவரி' என்று போட்டிருந்தால்தான் வாங்கும். அப்படி இருந்தாலும் போன் சார்ஜர் பத்தாது. 65 வாட் என்றால் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு, அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள்தான். நான் இது தெரியாமல் கேபிளை விட்டுவிட்டு சார்ஜரை இரண்டு தடவை மாற்றினேன்.

நண்பரின் சார்ஜரிலும் இதே தகராறு என்றால் லேப்டாப் பக்கத்துச் சாக்கெட்டைப் பாருங்கள். பல பிசினஸ் மாடல்களில் அது போர்டோடு பற்றவைக்காமல் சின்ன வயரோடு தனியாக வரும், அதை மட்டும் மாற்றலாம். எந்த ஸ்க்ரூ எங்கே என்பது வரைக்கும் போட்டு சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளர்களே இணையத்தில் வைத்திருப்பார்கள்.

திருப்புளி:

இன்னொன்று. எப்போதும் சொருகியே வைக்கிறவர் என்பதால், சரியானதும் பயாஸில் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரை) சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். டச்பேட் மேலெழும்பியோ அழுத்தக் கடினமாகவோ இருந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அப்போது லேப்டாப்பை அணைத்துவிட்டு, குத்தாமல் அமுக்காமல் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நண்பரின் சார்ஜரைச் சொருகினேன். எஃப்1 கேட்கவில்லை. வேகம் 2.9. பேட்டரி 41, 42, 43 என்று ஏறுவதை ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். டச்பேட் நன்றாக இருக்கிறது. புது சார்ஜருக்குச் சொல்லியாயிற்று, இதை இறுக்கிச் சுற்ற மாட்டேன்.

எல்லாவற்றையும் மச்சினனிடம் காட்டினேன். "அதெல்லாம் சரி, ராமும் ஒன்று போட்டுவிடுங்கள் மாமா" என்கிறான்.