சிவப்புத் தொப்பிச் சிறுமி நாடகம்: அம்மாயியை என்ன செய்வது?

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தரம் 5 பிள்ளைகளுக்காக 12 நிமிட நாடகம் எழுதுகிறோம். நடுவில் சிக்கி நிற்கிறது. கதை தெரிந்ததுதான்: கூடையோடு அம்மாயி (பாட்டி) வீட்டுக்குப் போகும் சிறுமியை, அம்மாயியைத் தின்றுவிட்டு அவள் வேடத்தில் படுத்திருக்கும் ஓநாய் ஏமாற்றுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் அச்சிட்டதில் சிறுமியை ஓநாய் தின்றுவிடும். கிரிம் சகோதரர் 1812இல் வேட்டைக்காரனைக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். இரண்டும் வேண்டாம். பிரெஞ்சு வாய்மொழி வடிவம் ஒன்றில் அவளே தப்புகிறாள்: "வெளியே போகணும்" என்கிறாள், ஓநாய் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது, அவள் அதை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு ஓடுகிறாள். கழிப்பறை வெளியே இருக்கும் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) இது அப்படியே பொருந்துகிறது. கயிறு கொய்யா மரத்தில், ரொட்டியும் சம்பலும் இருந்த கூடை வாசற்படியில்.

ஓநாய்க்குப் பதில் சிறுத்தை வைத்தோம். தேயிலைக்குள் நிஜமாகவே நடமாடும் விலங்கு என்பதால் பிள்ளைகள் மிரண்டார்கள். நரி என்றால் சிரிப்பு வருகிறது, ஆபத்து போய்விடுகிறது. ஆனாலும் நரியே இருக்கட்டும் என்று முடிவு.

சிக்கல் அம்மாயிதான். பழைய கதைகளில் அவள் வெறும் இரை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தால் அவளே வேட்டைக்காரன் ஆகிறாள், சிறுமியின் கயிற்று யோசனை வீணாகிறது. ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் நரி சேலை கட்டி ஏமாற்றும் காட்சி வலுவிழக்கிறது.

சிறுமியின் தந்திரத்தைப் பறிக்காமல் அம்மாயிக்கும் ஒரு செயல் கொடுப்பது எப்படி?